பத்திரிகைக்கு ஒரு மல்லிகை

ஏப்ரல் 2, புதன்

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று மாசி மாதமே சொன்னவன் நான். என் தங்கை மயிலுவின் மகள் கௌசல்யாவுக்கு வைகாசியில் கல்யாணம் கூடும் என்றேன். கூடிவிட்டது. மாப்பிள்ளை வடக்கேயிருந்து வருவார் என்றேன். திண்டுக்கல் வந்திருக்கிறது, மதுரைக்கு அது வடக்குதான். பத்திரிகை விஷயத்தில் முத்துவிநாயகம் மூக்கை நுழைப்பான் என்றேன். நுழைத்துவிட்டான். மூக்கோடு பிரஷ்ஷும் சேர்ந்து நுழைந்திருக்கிறது.

முத்துவிநாயகம் கௌசல்யாவின் சித்தப்பன், மயிலு புருஷனின் தம்பி. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து போன வருடம் ஓய்வுபெற்றவன். சும்மா வீட்டில் கிடக்காமல் இரண்டு மாதமாகப் பூப்படம் வரையக் கற்றுக்கொண்டு, குடும்பத்து வாட்ஸ்அப்பில் காலையும் மாலையும் செம்பருத்தி போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிள்ளை, "கடையில இருக்கிற டிசைன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. பத்திரிகை அட்டையில நம்ம வீட்டு ஆள் வரைஞ்ச மல்லிகைப்பூதான் வேணும்" என்று சொல்லிவிட்டதாம். மயிலு போனில் சொன்னாள்.

நம்ம வீட்டு ஆள் என்றால் யார்? தாய்மாமன் நான் கல்லுமாதிரி உட்கார்ந்திருக்கிறேன். மல்லிகை என்றால் யார்? மாட்டுத்தாவணி பூச்சந்தையில் முப்பத்துநான்கு வருடம் கமிஷன் கடை வைத்திருந்தவன். கண்ணைக் கட்டிவிட்டால்கூட முகர்ந்து பார்த்து எந்த ஊர்ப் பூ என்று சொல்வேன், தோட்டம் ரோட்டுக்குக் கிழக்கா மேற்கா என்பதுவரை.

ஆகவே இன்று நானும் வகுப்பில் சேர்ந்தேன். புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. புதன், சனி, மூன்றிலிருந்து ஐந்து. டீச்சர் பெயர் ஃபர்ஸானா, சின்னப் பெண்.

"இதுக்கு முன்னாடி வரைஞ்சிருக்கீங்களா அங்கிள்?"

"நிறைய" என்றேன். எங்கள் கடை போர்டில் இருந்த தாமரை என் கைவண்ணம். பெயிண்டர் வரைந்தான், ஏணியைப் பிடித்தது நான். ஏணி இல்லாமல் தாமரை ஏது?

முத்துவிநாயகம் எழுந்து, "வாங்க மச்சான், இங்க உக்காருங்க, வெளிச்சம் நல்லாருக்கும்" என்று ஜன்னலோரத்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான். தப்பு செய்தால் எல்லோருக்கும் பளிச்சென்று தெரியட்டும் என்றுதான்.

தினமும் தேதி போட்டு, கற்றதை எழுதி வைக்கச் சொன்னாள் டீச்சர். சந்தையில் சணல்கடைக்காரர் கொடுத்த போன வருடத்து டைரி இருந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

இன்று வண்ணம். மல்லிகை வெள்ளை, ஆகவே வெள்ளை டியூபைப் பிதுக்கி அரைமணி நேரம் நுணுக்கமாக வரைந்தேன். முப்பது பூ, காம்போடு. தூக்கிப் பிடித்தால் காகிதம் வெறுமனே இருந்தது.

"காகிதமே வெள்ளைதான அங்கிள். பூவை வரையாதீங்க, பூவைச் சுத்தி இருக்கிற நிழலப் போடுங்க. பூ தானா வந்து நிக்கும்."

"அதைத்தான் சோதிச்சுப் பார்த்தேன்" என்றேன். அவள் அடுத்தவர் படத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

பக்கத்தில் முத்துவிநாயகத்தின் செம்பருத்தி, மழையில் நனைந்ததுபோல மினுமினுத்தது. இன்னும் காயாததால் வந்த மினுமினுப்பு என்று நினைத்தேன். ஐந்து மணிக்குக் காய்ந்த பிறகும் மினுமினுத்தது. நாற்பது ரூபாய் பிரஷ்ஷா நானூறு ரூபாய் பிரஷ்ஷா என்று பார்த்தேன். என்னுடைய அதே பிரஷ்தான். எனக்கு வாய்த்த காகிதம் சரியில்லை.

ஏப்ரல் 9, புதன்

இலை மட்டும் வரைந்தோம். இலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மயிலு வீட்டுக்குப் போனேன். என் படங்களில் தேறிய ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கௌசல்யா, "சூப்பர் மாமா" என்று பீரோவுக்குள் பத்திரமாக வைத்தாள். அவ்வளவு மதிப்பு. முத்துவிநாயகத்தின் செம்பருத்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் படும்படி கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

"சித்தப்பா எப்பவுமே செடிகொடின்னா நின்னுருவாரு மாமா. டியூஷனுக்கு ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறப்போ, வழியில ஒவ்வொரு வீட்டுச் செடிக்கும் பேர் சொல்லிட்டே வருவாரு. எத்தனை நாள் லேட்டாயிருக்கு தெரியுமா?"

அப்பன் தவறும்போது பிள்ளை ஒன்பதாவது படித்தது. பத்தாவதா? ஒன்பதுதான். அன்றைக்கு நான் அனுப்பிய மாலையை நான்கு பேர் தூக்க முடியாமல் தூக்கினார்கள். நேரில் போக முடியவில்லை, முகூர்த்த நாள், கடையை விட்டு அசைய வழியில்லை. எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ஸ்கூட்டரில் கூட்டிப் போக எனக்கும் ஆசை இல்லாமலா? காலையில் சந்தை, மதியம் கணக்கு, சாயங்காலம் தூக்கம். கரண்ட் ஆபீஸ்காரனுக்கு என்ன, கம்பத்தை நட்டுவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும்.

"பத்திரிகைக்கு நான்தாம்மா வரையணும். தாய்மாமன் முறை" என்றேன்.

மயிலு அடுக்களையிலிருந்து, "சீர் செய்றதுதாண்ணே முறை. படம் வரையிறது எந்த ஊரு முறை?" என்றாள். என் தங்கைக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

"ரெண்டு பேருமே வரைங்க மாமா. மே நாலு ஞாயித்துக்கிழமை பாத்து ஒண்ணை எடுத்துக்கறேன். திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குக் குடுக்கணும்" என்று பிள்ளை முடித்துவிட்டது.

ஒன்றுதான். அட்டையில் இரண்டு பூவுக்கு இடம் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

இன்று டீச்சர் மல்லிகை வரையச் சொன்னாள். என் நாள் வந்தது என்று கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தேன். தாள் நிறைய வரைந்தேன். நெருக்கமாக, கூடையில் கொட்டினதுபோல.

"எல்லாமே மொட்டா இருக்கே அங்கிள். விரிஞ்ச பூ ஒண்ணு வேணும்ல, பத்திரிகைக்கு?"

"விரிஞ்சா அது பூவா டீச்சர்? விரிஞ்ச மறுநிமிசம் செண்ட் கம்பெனிக்குத் தள்ளிவிட்டுருவோம். அதையும் எடுக்கலைன்னா குப்பை. நாங்க விக்கிறது மொட்டு."

"நாம இங்க விக்கலையே" என்றாள்.

சரி என்று ஒரு விரிந்த பூ போட்டேன். ஐந்து இதழ், அளவெடுத்தாற்போல.

முத்துவிநாயகம் எட்டிப் பார்த்து, "மச்சான், மல்லிக்கு அஞ்சுக்கு மேல இருக்கும்போலயே. நம்ம வீட்டுத் தொட்டியில எண்ணிப் பாத்தேன். ஒண்ணுல எட்டு இருந்துச்சு, ஒண்ணுல ஏழு" என்றான்.

"மாப்ள, நீ கம்பத்துல கம்பி எத்தனைன்னு எண்ணு. பூவை எங்கிட்ட விட்டுரு. உன் தொட்டியில இருக்கிறது ஏதாவது ஒட்டுச்செடியா இருக்கும்."

வகுப்பில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன். டீச்சர் யார் பக்கமும் சேராமல், "பாத்துட்டு வந்து வரைங்க அங்கிள்" என்றாள்.

முப்பத்துநான்கு வருடம். ஒரு நாளைக்குக் குறைந்தது எட்டு மூட்டை. நான் பார்க்கவில்லையாம்.

ஏப்ரல் 17, வியாழன்

விஷயத்தைப் பேச்சியிடம் சொன்னேன். பேச்சியம்மாள் என் மனைவி, பாதி கேட்டதுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பூக்கடைக்காரருக்கு இதழு எத்தனைன்னு தெரியலையாக்கும்! வெளியில சொல்லிராதீங்க, நான் தெருவுல நடக்கணும்."

நாலு மணிக்கு அவள் வழக்கமாக வாங்கும் ஒரு முழம் மல்லி வந்தது. வைத்துக்கொண்டதும் அவளை முக்காலியில் டிவியைப் பார்த்து உட்கார வைத்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காகிதம், பிரஷ், தண்ணீர் டம்ளர் எல்லாம் தயார்.

ஐந்து மணிக்கு மொட்டு. ஐந்தரைக்கும் மொட்டு. "விரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஆடாத" என்றேன். ஆறு மணிக்கு மேல் ஒரு மொட்டு முனையில் தளர்ந்தது. அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் அது அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இருந்தது விரிந்துவிட்டது. அதைப் பார்க்கத் திரும்பினால் இது விரிகிறது. ஆறரைக்குள் தலை நிறைய விரிந்துவிட்டது. வாசம் ஒரேயடியாக வந்தது. சந்தையில் மூட்டை வாசம் வேறு, இது வேறு. இதழ்கள் ஒரே அளவில் இல்லை, உள்ளே சின்னதாக, வெளியே பெரியதாக, ஒன்று மடிந்து. எண்ணினேன். எட்டு. இன்னொன்றில் ஏழு. இன்னொன்றில் ஒன்பது. ஒன்பது! முத்துவிநாயகம் ஒன்பதைப் பார்க்கவில்லை.

"கல்யாணமாகி முப்பத்தோரு வருசத்துல இன்னைக்குத்தான் என் பின்னந்தலையப் பாக்குறீங்க" என்றாள் பேச்சி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சந்தைக்காரன் ஆறு மணிக்கெல்லாம் படுத்துவிடுவான். அப்போதுதான் விடியுமுன் எழுந்துபோக முடியும். விரிந்த பூவை அவன் எங்கே பார்ப்பான்? எனக்கு எப்போதுமே தெரிந்ததுதான், ஒரு முறை உறுதிசெய்துகொண்டேன்.

ஏப்ரல் 26, சனி

ஒன்பது நாளாகப் பேச்சி தலையை வரைந்து தள்ளியிருக்கிறேன். அவள் முடியையும் சேர்த்துக் கறுப்பாகப் போட்டுவிடுவதால், பூ அதன் நடுவில் தானாக எழுந்து நிற்கிறது. இன்று டீச்சர் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றாள்.

"இது நல்லா வந்திருக்கு அங்கிள்."

வகுப்பே எழுந்து கைதட்டியது. அதாவது, முத்துவிநாயகம் எழுந்து வந்து பார்த்தான். "அந்த மடிஞ்ச இதழு இருக்குல்ல மச்சான், அதுதான் உசுரு" என்றான்.

நான் அவனுடையதைப் பார்த்தேன். ஒரு சரம், நாலு மொட்டு, ஒரு விரிந்த பூ. நாரின் முடிச்சுகூட வரைந்திருந்தான். இந்த மனிதன் ஒரு கிலோ பூ கையால் அளந்தவன் இல்லை. எனக்கு வந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏப்ரல் 30, புதன்

வயிறு சரியில்லை. போகவில்லை. அவன் போயிருப்பான்.

மே 3, சனி

நாளைக்குப் பிள்ளை தேர்ந்தெடுக்கும் நாள். இருவரும் கடைசிப் பூச்சு கொடுத்தோம். அப்படி ஒரு புழுக்கம், வியர்வை காகிதத்தில் சொட்டிவிடாமல் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரைந்தேன். எல்லோரும் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டோம். டீச்சர் பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டே திருத்தினாள். கீழே ஜெராக்ஸ் கடையிலும் சத்தமில்லை.

நான்கரைக்கு டீச்சரும் அந்த இரண்டு பெண்களும் மோர் வாங்கக் கீழே போனார்கள். முத்துவிநாயகம் பிரஷ் கழுவ வெளியே குழாய்க்குப் போனான். அவன் படம் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது. நான் என் இடத்தில், என் வேலையாக இருந்தேன். அப்போது ஃபேன் காற்றில், ஓரத்தில் இருந்த பேப்பர் கப் சாய்ந்து, அதில் மிச்சமிருந்த டீ அவ்வளவும் அவன் படத்தில் கொட்டிவிட்டது. சரியாக விரிந்த பூவின்மேல். நான் ஓடிப்போய்த் துண்டால் ஒற்றினேன். ஒற்றியதில் இன்னும் கொஞ்சம் பரவியது.

அவன் திரும்பி வந்தான்.

"ஃபேன் காத்து மாப்ள. கப்பு சாஞ்சுருச்சு. நான் எந்திரிக்கிறதுக்குள்ள..."

படத்தைப் பார்த்தான். பிறகு ஒருமுறை நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தான். முப்பது வருடம் கரண்ட் ஆபீஸில் இருந்தவனுக்கு ஃபேனைப் பார்த்தால் ஏதோ பாசம்போல. அப்புறம் என்னைப் பார்த்தான்.

"சரி விடுங்க மச்சான். உங்க துண்டு கறையாயிருச்சு பாருங்க" என்றான்.

இன்னொன்று வரைய நேரமில்லை. ஒரு சரத்துக்கு அவனுக்கு நாலு நாள் ஆகும். இயற்கையாக நடந்ததற்கு யார் என்ன செய்வது?

மே 4, ஞாயிறு

என் படம்தான். நான் சொன்னேன் அல்லவா!

கௌசல்யா வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். "மாமா, இது நீங்களா வரைஞ்சீங்க? நெசமாவா?" பீரோவுக்குள் வைக்கவில்லை. அப்போதே போட்டோ எடுத்துத் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, உங்களோடது?"

"கெட்டுப்போச்சும்மா. டீ கொட்டிருச்சு. அதனால என்ன, மாமா வரைஞ்சது எவ்வளவு ஜோரா இருக்கு. அந்தப் பூவுக்குள்ள ஒரு இதழு மடிஞ்சிருக்கு பாரு."

"ஐயோ, யாரு கொட்டுனா?"

"யாரும் கொட்டலை. ஃபேன் காத்து" என்றான் முத்துவிநாயகம்.

மயிலு எனக்கு இரண்டாவது தடவை கேசரி வைத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலும் பிள்ளை என்னுடையதைத்தான் எடுத்திருக்கும். நூற்றுக்கு நூறு. தொண்ணூறாவது. அதை இனிமேல் எவனும் சரிபார்க்க முடியாது, நான் உட்பட.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி, "ஜெயிச்சவன் மூஞ்சி மாதிரி இல்லையே" என்றாள். கேசரி திகட்டிவிட்டது என்றேன்.

மே 12, திங்கள்

பத்திரிகை அச்சாகி வந்தது. அட்டையில் பூ. உள்ளே, தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயர், தவசிலிங்கம், தடித்த எழுத்து. சித்தப்பா பெயர் மெல்லிய எழுத்தில், கீழிருந்து இரண்டாவது.

மே 18, ஞாயிறு

காலையில் முத்துவிநாயகம் ஸ்கூட்டரில் வந்து வாசலில் ஹாரன் அடித்தான். "மச்சான், பொண்ணு வீட்டுப் பத்திரிகை, நாம ரெண்டு பேரும் சேந்து குடுத்தாத்தான் மொற." தாம்பாளத்தையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகையை நீட்டியதும் அட்டையைத் தட்டிக் காட்டினான். "இது எங்க மச்சான் கையால வரைஞ்சது. முப்பது வருசம் பூவோட பூவா இருந்தவரு." அடுத்த வீட்டிலும் அதையே சொன்னான். அந்த வீட்டுக்காரர், "நீங்கதான படம் வரையிறதாச் சொன்னாங்க?" என்று கேட்டார். அப்போது அவன் அந்தக் கதையை எடுத்தான். "நானும் ஒண்ணு வரைஞ்சேன். அந்தக் கிளாஸு ஃபேன் இருக்கே, அது ஃபேனு இல்ல, ஆடி மாசக் காத்து. ரெண்டு மாசமா ரெகுலேட்டரு போயிருச்சு, வச்சா அஞ்சுலதான் நிக்கும். கப்பைத் தூக்கி அடிச்சுச்சு பாருங்க." கையால் சுழற்றிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் கதை சொல்கிறவன் நான். ரெகுலேட்டர் எனக்குத் தோன்றவில்லை. அதிலும் அவன் என்னை முந்துகிறானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்றாவது வீடு சேவியர் வீடு. அவனோடு வேலை பார்த்த வயர்மேன், இன்னும் புதூர் பிரிவில்தான் இருக்கிறார். காபி வந்தது. அட்டையைப் பாராட்டினார். முத்துவிநாயகம் ஃபேனை ஆரம்பித்தான். சேவியர் பாதியில் நிறுத்தினார்.

"எந்தத் தேதி சார்?"

"போன மூணாந்தேதி. சனிக்கிழமை."

"மூணாந்தேதி புதூர் பூரா கரண்ட் ஷட்டவுனாச்சே சார்? மாசப் பராமரிப்பு. நான்தான போஸ்ட்டு மேல நின்னேன். சப்ளை குடுக்கிறப்ப அஞ்சரை."

நான் காபியைப் பார்த்தேன்.

"அந்தத் தெரு வேற லைனுப்பா" என்றான் முத்துவிநாயகம்.

"ஜெராக்ஸ் கடைத் தெருவா? அது எப்ப வேற லைனாச்சு? நீங்க போட்ட லைனுதான சார் அது?"

"வேற லைனுங்கிறேன்ல. காப்பி ஆறுது, குடி."

சேவியர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபியைக் குடித்தார்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தோம். "மாப்ள" என்றேன். "பைய நல்லாப் பிடிச்சுக்கங்க மச்சான், அட்டை மடங்கிரும். இன்னும் பதினோரு வீடு இருக்கு" என்றான். பதினோரு வீட்டிலும் ஃபேன் சுற்றியது. ஒவ்வொரு வீட்டிலும் இன்னும் கொஞ்சம் வேகமாக. ஒரு வீட்டில்கூட நான் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று மட்டும் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மே மூன்றாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். மற்ற பக்கங்களில் அங்கங்கே கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அது என் பழக்கம், கைதட்டினது, மாலை தூக்கினது அப்படி. அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் நானாகச் செய்தது. ஃபேன் சுற்றவில்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. கப் மேசை ஓரத்திலும் இல்லை, என் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன், இரண்டடி நடந்தேன், விரிந்த பூ எது என்று பார்த்துக்கொண்டேன். முழங்கை பட்டுவிட்டது என்று இங்கே முதலில் எழுதி, அடித்திருக்கிறேன். முழங்கை இல்லை. கை.